ஃபேன் சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது

1

இதைக் கதையாக எழுத நான் உட்காரவில்லை. ஒரு பத்திரிகை கட்டுரை கேட்டிருந்தது. கேள்வியையும் அவர்களே கொடுத்திருந்தார்கள்: இணையத்தில் போகிற எல்லாவற்றையும் சமமாக நடத்த வேண்டும் என்று அரசு விதி போட வேண்டுமா, வேண்டாமா?

இந்த மாதிரிக் கேள்வி கிடைத்தால் எனக்குத் தலைகால் புரியாது. ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று யாராவது தப்பித்தவறிக் கேட்டுவிட்டால், பேருந்து வந்து போனாலும் விடாமல் சொல்லிக்கொண்டிருப்பவன் நான். அதனால் ஆரம்பத்திலிருந்து ஆரம்பித்தேன்.

நீங்கள் அனுப்பும் எதுவும் முழுசாகப் போவதில்லை. பாட்டு, படம், பேச்சு எதுவானாலும் பொடிப்பொடியாக நறுக்கி, சின்னச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டி, ஒவ்வொன்றின் மேலும் விலாசம் எழுதி அனுப்புகிறார்கள். வழியில் சந்திப்புக்குச் சந்திப்பு ரவுட்டர் என்று ஒரு பெட்டி. விலாசத்தைப் பார்த்து அடுத்த சந்திப்புக்குத் தள்ளிவிடுவது அதன் வேலை. கூட்டம் இல்லாதபோது வந்தது வந்த வரிசையில் போய்விடும். கூட்டம் சேர்ந்த பிறகுதான், யாரை முதலில் விடுவது என்ற கேள்வி வருகிறது. மொத்தச் சண்டையும் அந்த ஒரு கேள்விக்காகத்தான்.

இதுவரை சரியாக எழுதிவிட்டு, அடுத்ததாக இப்படி எழுதினேன்:

"நெரிசல் நேரத்தில் குரலை முன்னே விட்டு, படத்தைச் சற்றுக் காக்க வைத்தால் யாருக்கும் நஷ்டமில்லை."

யாருக்கும்.

அந்தச் சொல்லைத் தாண்டிப் போக முடியவில்லை. படம் மட்டுமே வேண்டும், குரலே வேண்டாம் என்று ஒரு ஆள் இருந்தால்? இருப்பாரா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, மூக்குக் கண்ணாடியை இரண்டு விரலால் மேலே தள்ளியபடி ஒரு பெண் கட்டுரைக்குள் வந்து நின்றாள். அதோடு கட்டுரை போயிற்று.

2

அவளை எப்படி அறிமுகப்படுத்துவது என்பதில் சில தொடக்கங்கள் வீணாயின.

"சாயங்காலம் ஆனால் வெல்டரின் கைகள் உடையத் தொடங்கும்." அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் விபத்துக் கதை என்று நீங்கள் பயந்துவிடுவீர்கள்.

"சைகைமொழி அறிந்த, அனுபவமுள்ள பெண் ஒருவர்..." வேலைக்கு ஆள் தேவை விளம்பரம்.

"காது கேளாதவர்கள் இந்த உலகில் எத்தனை பேர் என்று நாம் என்றாவது..." வேண்டாம். இந்தத் தொனியில் யாராவது என்னிடம் பேசினால் நானே எழுந்து போய்விடுவேன்.

எனக்குத் தெரிந்த ஒரே வழி, வேலை எப்படி நடக்கிறது என்று சொல்வது. வெல்டருக்குக் காது கேட்காது. கேட், ஜன்னல் கம்பி செய்பவர். வாடிக்கையாளருடன் போனில் பேச வேண்டுமென்றால், முதலில் அந்தக் கண்ணாடிப் பெண், அதாவது அக்கா, நடத்தும் மையத்துக்கு வீடியோ அழைப்பு போடுவார். அக்கா திரையில் அவர் கைகளைப் பார்ப்பாள். காதில் மாட்டிய போனில் வாடிக்கையாளரை அழைத்து, கை சொல்வதைக் குரலில் சொல்வாள். பதிலைக் கேட்டுத் தன் கைகளால் வெல்டருக்குத் திருப்பிச் சொல்வாள். இந்தத் தொழிலில் 'அவர் சொல்கிறார்' என்று சொல்லும் வழக்கமில்லை. 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். அதனால் அக்கா, "நான் வெல்டர் பேசறேன், கேட் ரெடி, நாளைக்கு வந்து மாட்டிடறேன்" என்பாள்.

"என்னம்மா இது, வெல்டர்னா மீசை வெச்ச ஆளுன்னு சொன்னாங்களே?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

அக்கா அதையும் கையால் சொன்னாள். வெல்டர் மீசையைத் தடவிக் காட்டினார். அக்கா போனில் சொன்னாள்: "மீசை இருக்குங்க. இப்பதான் தடவினேன்."

இன்னொரு விதியும் உண்டு. பார்த்ததைச் சொல்லலாம், பார்க்காததைச் சொல்லக் கூடாது. கை மறைந்தால், மங்கினால், 'தெரியவில்லை' என்று சொல்ல வேண்டும். ஊகித்து நிரப்பக் கூடாது.

[இந்த ஆட்களுக்குப் பெயர் வைக்கச் சோம்பேறித்தனம் இல்லை. பெயர் இருக்கிறது, எல்லாம் கையால் செய்த பெயர். கண்ணாடியைத் தள்ளினால் அக்கா. முகமூடியைக் கீழே இழுத்தால் வெல்டர். எந்நேரமும் இயர்ஃபோன் மாட்டிக்கொண்டு திரிவதால், காதைத் தட்டினால் அக்காவின் தம்பி. இவற்றை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை. கையால் பேசுவதையும் வாயால் பேசுவதையும் ஒரே மாதிரி மேற்கோளுக்குள் போடப்போகிறேன். சமத்துவத்தை நிறுத்தற்குறியிலிருந்து தொடங்குவோம்.]

3

அக்காவின் அம்மாவுக்கும் பிறவியிலிருந்தே காது கேட்காது. அதனால் அந்த வீட்டில் ஒரு வழக்கம்: அம்மா இருக்கிற அறையில் யாரும் வெறும் வாயால் பேசக் கூடாது. பக்கத்து அறைக்குப் போய்ப் பேசினால் அது ரகசியம், மன்னிக்கலாம். அம்மாவின் எதிரிலேயே கையை அசைக்காமல் பேசினால் அது மரியாதைக் குறைவு.

ஒரு விடுமுறை நாள். தம்பி வந்திருந்தான். இணைய நிறுவனம் ஒன்றில், மேலே சொன்னேனே அந்த வரிசை, அதை ஒழுங்குபடுத்தும் இன்ஜினியர். அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டே பேசியதால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அவன் முகத்தில் தண்ணீர் தெறித்தது.

"சாயங்காலம் ஆனா உங்க கம்பெனி லைன் சரியில்லடா. வெல்டர் பாதி விரலோட பேசறார். ஒவ்வொருத்தரா கூப்பிடறதையே நிறுத்திட்டு வர்றாங்க. இப்படியே போனா மையத்தைப் பூட்ட வேண்டியதுதான்."

"சாயங்காலமா? புது ஏற்பாடு போட்டு ஒரு மாசம்கூட ஆகல. முன்னைவிட நல்லா இருக்கணுமே. குரல் எப்படி வருது?"

"குரலா?"

"ஆமா. விட்டு விட்டு வருதா, தொடர்ச்சியா வருதா?"

"அவர் வீட்டு ஃபேன் சத்தம் அட்டகாசமா வருது. கீச்சு கீச்சுன்னு. எண்ணெய் போடச் சொல்லணும்."

தம்பியின் கைகள் பாதி வாக்கியத்தில் நின்றன. அம்மா அவனைப் பார்த்தாள். "கை ஏன் நின்னுடுச்சு? என்ன பண்ணித் தொலைச்சே?"

அவன் இரண்டு கையையும் பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, அக்காவிடம் வாயால் மட்டும் சொன்னான். "நெரிசல் நேரத்துல குரலை முதல்ல விட்டுட்டு, படத்தைப் பின்னால தள்ளினேன். ஊர் பூரா."

அம்மா உள்ளங்கையால் மேஜையில் ஓங்கி அடித்தாள். தட்டுகள் குதித்தன. "கையை வெளிய எடு."

எடுத்தான். திரும்பச் சொன்னான், இந்த முறை கையால். அம்மா முழுசாகப் பார்த்து முடித்துவிட்டு அக்காவிடம் திரும்பினாள். "என் வயித்துல பொறந்துட்டு, ஃபேனுக்கு வழி விட்டிருக்கான் பாரு."

4

அவன் செய்ததை விளக்க என்னை அனுமதியுங்கள். இது மிக அழகான ஏற்பாடு, அதுதான் கொடுமை.

பொட்டலங்கள் முத்திரையிட்டு வருகின்றன. ரவுட்டரால் பிரித்துப் பார்க்க முடியாது. ஆனால் உருவத்தைப் பார்க்கலாம். சின்னதாக, சீரான இடைவெளியில் தத்தித் தத்தி வந்தால் அது குரல். பெரிதாக, கும்பலாக வந்தால் அது படம். குரல் கொஞ்சம் தாமதித்தாலும் பேச்சு குழறிவிடும். படம் மங்கினால் மனிதர்கள் பொறுத்துக்கொள்வார்கள். ஆகவே சின்னதை முன்னே விடு, பெரியதை நிறுத்து. இதைப் போட்ட பிறகு நிறுவனத்துக்குப் புகார்கள் குறைந்தன. தம்பிக்குப் பாராட்டும் கிடைத்தது.

வெல்டரின் வீட்டில் அவர் பேசுவதெல்லாம் கையில். கை என்பது படம். அவர் மைக்கில் விழுவது ஃபேன் சத்தம் ஒன்றுதான். சின்னதாக, சீராக, தத்தித் தத்தி. ரவுட்டர் அதைக் குரல் என்று நம்பி, மந்திரியின் காருக்கு வழி விடுவதுபோல ஒதுங்கி வழி விட்டது. அவருடைய கைகள் சிக்னலில் நின்றன.

[மைக்கை அணைத்துவிட்டால் ஆயிற்றே என்று ஒரு வாசகர் எழுந்து நிற்பது தெரிகிறது. நல்ல கேள்வி, உட்காருங்கள். ஃபேன் நின்றாலும் தெருவிலுள்ள மற்றவர்களின் குரலெல்லாம் இவருடைய படத்துக்கு முன்னால்தான் போகும். படத்தின் இடம் கடைசியிலிருந்து மாறாது.]

தம்பியை வில்லனாக்க முயன்றேன். "லாபம் ஒன்றே குறியாக இருந்த அவன்..." என்று தொடங்கிய வாக்கியம் அங்கேயே படுத்துவிட்டது. அவன் அப்படிப்பட்டவன் இல்லை. இன்னொரு சந்தேகம் வந்தது: காது கேளாத அம்மாவிடம் வளர்ந்தவன் இதையா மறப்பான்? நம்பும்படியாக இல்லையே என்று அம்மாவைக் கதையிலிருந்து நீக்கினேன். நீக்கிய பிறகு மேஜையில் அடிக்க ஆளில்லை. திரும்பக் கூட்டிவந்தபோதுதான் எனக்கே புரிந்தது. அவனுக்குக் கைகள் எப்போதும் எதிரில் இருந்தன, சாப்பாட்டு மேஜைக்கு அந்தப் பக்கம். கை என்பது கம்பி வழியாகப் போக வேண்டிய ஒரு பொருள் என்று அவன் ஒருநாளும் எண்ணிப் பார்க்கத் தேவை வரவில்லை. வேறு யாராவது மறந்திருந்தால் அறியாமை. இது நெருக்கத்தால் வந்த மறதி.

5

தம்பி சும்மா இருக்கவில்லை. மேலதிகாரிகளிடம் மோதி, ஒரு ஏற்பாட்டோடு வந்தான். மையத்துக்கு வருகிற அழைப்புகளுக்கு மட்டும் தனி வழி, அதில் படம்தான் முதலில். இலவசம். பதிலுக்கு நிறுவனம் ஒன்று கேட்டது. அரசின் ஆணையம் ஒரு விதி கொண்டுவரவிருந்தது: எந்தப் பொட்டலத்தையும் நிறுவனங்கள் தம் இஷ்டத்துக்கு முந்தவோ பிந்தவோ வைக்கக் கூடாது. கருத்துக் கேட்புக் கூட்டம் நெருங்கிக்கொண்டிருந்தது. அங்கே அக்கா வந்து, 'விதி இல்லாமலே எங்களுக்கு வழி கிடைத்தது' என்று சொல்ல வேண்டும். சொன்னால் மையம் பிழைக்கும்.

அக்கா நேரே வெல்டரின் பட்டறைக்குப் போனாள். தரையில் பாதி கேட் படுத்திருந்தது. அவர் முகமூடியை மேலே தூக்கிவிட்டு அவள் கைகளைப் பார்த்தார்.

"நல்ல விஷயம்தான். உங்க மையத்துக்குக் கூப்பிட்டா கை தெளிவா வரும்?"

"கண்ணாடி மாதிரி வரும்."

"என் பொண்ணு விடுதியிலேருந்து சாயங்காலம் கூப்பிடறா. அது உங்க மையம் வழியா வருதா?"

அந்தப் பெண்ணுக்கும் காது கேட்காது. வேறு ஊரில் படிக்கிறாள். அக்கா கொஞ்சம் தயங்கினாள். "இல்ல. நேரா உங்களுக்கு வருது."

"அப்ப கேட் ஆர்டரைத் தெளிவா பேசுவேன். பொண்ணுகிட்ட மங்கலா பேசணும். அப்படித்தானே?"

அவள் பதில் சொல்வதற்குள் முகமூடியை இறக்கிவிட்டார். தீப்பொறி பறந்தது. அக்கா சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள். பொறி அடங்கியதும் முகமூடி மறுபடி ஏறியது.

"நேத்து அவ ஏதோ கேட்டா. மூணு தடவை கேட்டா. எனக்குத் தெரியல. நாலாவது தடவை கேக்க வைக்க மனசு வரல. சரி சரின்னு தலையாட்டிட்டேன். எதுக்குத் தலையாட்டினேன்னு இன்னும் தெரியாது."

அக்கா கண்ணாடியை மேலே தள்ளினாள். தனி வழி வேண்டாம் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டாள். நான் அவளை இன்னும் கொஞ்சம் குழம்ப வைக்கலாம் என்றிருந்தேன். கேட்கவில்லை.

6

வீட்டில் நடந்த சண்டை முழுக்கக் கையால் நடந்தது. அம்மா நடுவர்.

"அக்கா, அந்த விதி வந்தா உனக்குன்னு வாங்கின தனி வழியும் போயிடும். சமம்னா சமம்தான். வெல்டர் கையும் எவனோ பாக்கற ஃபுட்பால் மேட்ச்சும் ஒரே வரிசையில நிக்கும்."

"நிக்கட்டும்."

"நெரிசல்ல அப்பவும் உடையும்."

"எல்லார் படமும் உடைஞ்சா எல்லாரும் கத்துவாங்க, நீங்க ரோட்டை அகலமாக்குவீங்க. எங்க கை மட்டும் உடைஞ்சா யாருடா கத்துவா?"

அம்மா இடையில் புகுந்தாள். "நான் கத்துவேன். எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது, நீங்கதான் சொல்லணும்."

தம்பி சிரித்துவிட்டான். பிறகு, "நான் கெட்டவனா?" என்று கேட்டான்.

"நல்லவன்டா. அதான் பயமா இருக்கு. எங்க நடுவுல வளர்ந்த நல்லவன் நீயே மறந்துட்ட. நாளைக்கு உன் நாற்காலியில எங்களைப் பாத்தே இருக்காத ஒருத்தன் உக்காருவான்."

கட்டுரைக்காரனாக நான் இங்கே ஒரு நிமிடம் குறுக்கிட வேண்டும். தம்பி சொல்வது பொய்யில்லை. சமம் என்ற விதி நெரிசலைக் கரைக்காது. அதற்குக் கூடுதல் கம்பி போட வேண்டும். சில பொட்டலங்களுக்கு அவசரம் அதிகம் என்பதும் உண்மை. ஆனாலும் விதி வேண்டும் என்ற பக்கத்தில்தான் நான் நிற்கிறேன். யாருக்கு முன்னுரிமை என்பதை யாராவது தீர்மானித்தே ஆக வேண்டுமென்றால், அது எல்லோரும் கேள்வி கேட்கக்கூடிய இடத்தில் நடக்கட்டும். மூடிய அறையில் தட்டச்சு செய்த ஒரு வரியைக் கெஞ்சிக் கெஞ்சித் திருத்திக்கொள்வது சலுகை. அது பிடித்தவர்களுக்குக் கிடைக்கும். வெல்டரின் மகள் யாருக்கும் அக்கா இல்லை.

7

கூட்டத்தில் கடைசியாகப் பேச அனுமதி கேட்டாள் அக்கா. பதிவு செய்த எழுத்தர் அனுதாபப்பட்டார். "கடைசியில பேசினா யாரும் காது கொடுக்க மாட்டாங்கம்மா. எல்லாரும் கடிகாரத்தைப் பாத்துட்டு இருப்பாங்க."

"பரவாயில்லைங்க. அந்த நேரத்துலதான் ஊரே லைன்ல ஏறும்."

"வீடியோல பேசப்போற அந்த வெல்டரை நேர்லயே கூட்டிட்டு வந்துடலாமே? வீடு பக்கத்துலதானே?"

"நேர்ல வந்தா உங்களுக்குப் பிரச்சினையே தெரியாது."

நீண்ட மேஜைகள், தண்ணீர் பாட்டில்கள், சுவரில் ஒரு பெரிய திரை. ஆணையத் தலைவர் வாசிப்புக் கண்ணாடி அணிந்த பெண்மணி. தம்பி நிறுவனத்தின் வரிசையில், மடிக்கணினியோடு. அம்மா முன் வரிசையில் வந்து உட்கார்ந்தாள். யாரும் அழைக்கவில்லை, யாரும் எழுப்பவும் இல்லை.

தம்பி பகலிலேயே பேசி முடித்திருந்தான். நெரிசலை நிர்வகிக்க இன்ஜினியருக்குச் சுதந்திரம் வேண்டும் என்றான். நன்றாகவே பேசினான்.

பொழுது சாய்ந்த பிறகு அக்கா எழுந்தாள். "இனிமே நான் பேசறது என் பேச்சு இல்லைங்க. அவர் பேச்சு." திரையில் வெல்டர் தெரிந்தார். அதற்கு முன்பே அவருடைய ஃபேன் வந்துவிட்டது. கீச். கீச். கூடம் முழுக்க, ஒலிபெருக்கியில், அப்பழுக்கில்லாமல். யாரோ சிரித்தார்கள்.

தலைவர் முகம் சுளித்தார். "அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க."

"அதுதாங்க இந்த லைன்ல முதல் மரியாதை வாங்கற ஆளு. இருக்கட்டும்."

வெல்டர் கைகளை உயர்த்தினார். அக்கா பார்த்ததைச் சொன்னாள்.

"நான் வெல்டர். கேட் செய்யறேன். எனக்கு ஒரு பொண்ணு... தெரியல... விடுதியில. சாயங்காலம் கூப்பிடுவா. அன்னிக்கு அவ என்கிட்ட ஒண்ணு... தெரியல... தெரியல... நான் சரின்னு தலையாட்டிட்டேன். நேர்ல போனப்பதான் தெரிஞ்சது. அவ கேட்டது..."

கை பாதி உயரத்தில் உறைந்தது. விரல்கள் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறக் கட்டங்கள். கீச். கீச்.

தலைவர் முன்னால் சாய்ந்தார். "என்ன கேட்டாங்களாம்?"

"தெரியல."

"நீங்க அவரை ரொம்ப வருஷமா அறிஞ்சவங்கதானே? உத்தேசமா சொல்லுங்களேன்."

"உத்தேசமா சொல்லக் கூடாதுங்க. எங்க வேலையில அது மட்டும் கூடாது."

கூடத்தில் ஒருவரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. தலைவர் நிறுவனத்தின் வரிசைப் பக்கம் திரும்பினார். "இதை உங்களால சரிபண்ண முடியுமா?"

தம்பி எழுந்தான். முன் வரிசையில் அம்மா இருந்தாள். அந்த அறையில் வாயால் மட்டும் பேச அவனால் முடியாது. வாயாலும் கையாலும் சேர்த்துச் சொன்னான்.

"முடியும்."

"இப்பவே?"

"ஒரு வரி மாத்தினா போதும்."

அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே அவனிடம் ஒரு கேள்வி கேட்டாள். அந்தக் கூடத்தில் அது புரிந்தது இரண்டு பேருக்குத்தான். "யாருக்கு?"

தம்பியின் விரல்கள் விசைப்பலகைக்கு மேலே நின்றன.

8

இங்கேதான் நானும் நிற்கிறேன். முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அவன் அந்த வரியை மாற்றுகிறான். கட்டங்கள் கரைந்து விரல்கள் பிறக்கின்றன, கூடம் கைதட்டுகிறது, நிறுவனத்தின் வக்கீல் எழுந்து, 'பார்த்தீர்களா, விதியே தேவையில்லை, கேட்டால் கொடுக்கிறோம்' என்று... இதை முடிக்க மாட்டேன்.

அவன் மடிக்கணினியை மூடுகிறான். 'ஐயா, அம்மா, இந்த அதிகாரம் என் ஒருவன் கையில் இருக்கக் கூடாது' என்று உணர்ச்சியோடு... அவன் அப்படிப் பேசுகிற ஆள் இல்லை.

லைன் தானாகச் சரியாகிறது. தானாக எதுவும் சரியாவதில்லை. இதைத்தான் இவ்வளவு நேரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மகள் என்ன கேட்டாள் என்றாவது சொல்லிவிடு என்கிறீர்கள். எழுதுகிறவனுக்குத் தெரியாதா என்பீர்கள். வெல்டர் அதை அக்காவிடம்கூட முன்கூட்டிச் சொல்லவில்லை. அங்கேதான் சொல்வேன் என்று வைத்திருந்தார். அந்தப் பொட்டலங்கள் எனக்கும் வந்து சேரவில்லை. உருக்கமாக ஏதாவது நிரப்ப எனக்குத் தெரியும், நீங்களும் நம்பிவிடுவீர்கள். ஆனால் பார்க்காததைச் சொல்லக் கூடாது.

எனக்கு மிச்சமிருப்பது அந்தக் கட்டுரைதான். திரும்பப் போய், வழிமறித்த வாக்கியத்தை அடித்துவிட்டேன். அந்த இடத்தில் இப்போது இது இருக்கிறது:

"நெரிசல் நேரத்தில் ........... முன்னே விடலாம் என்று ........... முடிவு செய்ய வேண்டும்."

பேனா உங்களிடம். இரண்டாவது இடத்தை முதலில் நிரப்புங்கள். வெல்டர் கையை இறக்காமல் நிற்கிறார்.